மதில் தாண்டிய அவரைக்கொடி

“கொடி தானா கால் முளைச்சு உன் மாடிக்கு வந்துச்சாடி? கயித்தப் போட்டு இழுத்திருக்க!” என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள் வடிவாம்பாள்.

“நான் இழுக்கலக்கா. என் பக்கம் காய்ச்சதைத்தான் பறிச்சேன்” என்றாள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் எஸ்தர்.

கதைகளில் அவரைக்கொடி வானத்துக்கு ஏறும். எங்கள் தெருவில் மதிலேறினாலே பஞ்சாயத்துதான். நியாயம் கேட்க நாங்கள் நாலு பேர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தோம்.

“எல்லாரும் பாருங்க” என்று வடிவாம்பாள் இலைகளை விலக்கினாள். மதிலையொட்டிய எஸ்தரின் மாடிப்படிக் கம்பியோடு கொடியைக் கட்டியிருந்தது கயிறல்ல, கிழித்த சட்டைத்துணி. பச்சைக் கட்டம். போன தீபாவளிக்குத் தன் கணவருக்கு வடிவாம்பாள் எடுத்துக்கொடுத்து, தெரு முழுக்கக் காட்டிய அதே சட்டை.

வாசலில் நின்ற அவர் தலையைக் குனிந்துகொண்டார். எங்களில் ஒருத்தி “அடியாத்தி” என்றாள்.

வடிவாம்பாளின் முகம் சிறுத்துவிட்டது. இலைகளை இழுத்து அந்தத் துணியை மூடினாள். “நான்தான் கட்டினேன். மறந்தே போச்சு. மன்னிச்சுக்க எஸ்தரு.”

நம்பியதுபோல் நாங்களும் தலையாட்டினோம்.

தை முடிவதற்குள் எஸ்தர் வீட்டைக் காலிசெய்து தங்கையோடு இருக்கப் போய்விட்டாள். கைகொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டது வடிவாம்பாள்தான். அவர் அன்று வெளியே வரவேயில்லை.