வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகாது?

"மெதுவாப் பேசுங்கண்ணே. மாமனார் காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மருமகள் அந்தப் பழைய பிக்கப் வண்டியின் முன்னால் நின்றாள். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சாப்பாட்டு அறை. மாமனார் தட்டில் கரண்டி உரசுவது இங்கே கேட்டது. அப்படியென்றால் இங்கே பேசுவது அங்கேயும் கேட்கும்.

வண்டியின் முன் சீட்டில் அவளுடைய ஏழு வயது மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாத பிள்ளை, இப்போது உம்மென்று இருந்தாள். மாமனார் எழுந்து வருவதற்குள் காரியம் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் பிள்ளையின் கதி என்ன?

"சொல்லும்மா, என்ன வேணும்?" என்றார் மறுமுனையில் மெக்கானிக்.

"பழைய பிக்கப் ஸ்டார்ட் ஆகலேன்னா என்னென்ன காரணம்ணே இருக்கும்? எனக்கு ஒண்ணுமே தெரியாது. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

மெக்கானிக்குக் குஷி பிறந்துவிட்டது. வண்டியைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், மனுஷன் சோறு தண்ணீர் இல்லாமல் பேசுவார்.

"அப்படிக் கேளு. முதல்ல சாவியைத் திருப்பு. டிக் டிக்னு சத்தம் வருதா, இல்ல சுத்தமா மூச்சே இல்லையா?"

"ஐயோ, சத்தம் மட்டும் வேண்டாம்ணே. அவரு ஓடி வந்துருவாரு. வேற சொல்லுங்க."

"சரி, பானெட்டைத் தூக்கு."

தூக்கினாள். துருப்பிடித்த கீல் கிறீச்சிட்டது. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, கரண்டி மறுபடி உரச ஆரம்பித்தது.

"தூக்கிட்டேண்ணே." உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. கொட்டகைக்குள் நிழல்தான், ஆனாலும் எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை.

"ஓரமா ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும், அதுதான் பேட்டரி. அது மேல ரெண்டு முனை. வெள்ளையா உப்புப் பூத்திருக்கா? தொட்டா ஆடுதா?"

"இல்லண்ணே. சுத்தமா இருக்கு. நல்லா இறுக்கமாவும் இருக்கு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"அதானே. பேட்டரியை உங்க பெரியவரே முதல்ல பாத்திருப்பாரு. கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டற ஆளாச்சே அவரு."

"அவரு கண்ணுக்கே தப்பற மாதிரி ஏதாவது இருக்குமாண்ணே?"

"இருக்கே, எர்த் வயர். பேட்டரிலேருந்து கறுப்பா ஒரு வயர் கீழே இறங்கும். இறங்கி, வண்டி பாடில ஒரு போல்ட்டுல போய் முடியும். அது விட்டுப்போச்சுன்னா வண்டி பொணம். ஆனா பேட்டரித் தட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கறதால பெரிய பெரிய டிரைவரே மண்டையைப் பிச்சுக்குவான்."

கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே விரலை இறக்கினாள். போல்ட் தட்டுப்பட்டது. டூல்ஸ் டப்பாவிலிருந்து அள்ளி வந்த ஸ்பேனர்களில் ஒன்று பெரிதாக இருந்தது, இன்னொன்று நுழையவே இல்லை. அடுத்தது பொருந்தியது. முழு பலத்தையும் கொடுத்துத் திருகியதில் கை வழுக்கி, விரல் முட்டியில் தோல் உரிந்தது. கத்தாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கழண்டு வந்துருச்சுண்ணே."

"சபாஷ். இப்ப அந்த முனையை உப்புத்தாள் வச்சுத் தேச்சு, மறுபடியும் இறுக்கிடு. வண்டி குதிரை மாதிரி கிளம்பும் பாரு."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம். மாமனார் கை கழுவுகிறார்.

தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல இரண்டு கையாலும் பானெட்டை இறக்கினாள். ஸ்பேனர்களும் போனும் கைப்பைக்குள் போயின. கறை படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டபோது செருப்புச் சத்தம் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டது.

"இங்க என்ன பண்றே?"

அந்த வீட்டில் அவர் கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்க ஆள் கிடையாது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் பேசினால்கூட எழுந்து நின்றுதான் பேசுவான்.

"சும்மாதான் மாமா... பாப்பாவுக்குத் தண்ணி பாட்டில் குடுக்கலாம்னு."

அவள் கையில் பாட்டில் இல்லை. நல்லவேளை, அவர் அதைக் கவனிக்கவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திருப்பினார்.

வண்டி மூச்சுக் காட்டவில்லை. மறுபடி திருப்பினார். இறங்கி வந்து பானெட்டைத் திறந்து, பேட்டரி முனைகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அவர் விரல் கறுப்பு வயரைத் தொட்டுக் கீழே இறங்கியது. விரல் பாதியிலேயே திரும்பிவிட்டது.

"காலைல நல்லாத்தானே ஓடிச்சு" என்று முனகியவர், பேத்தியையும் இறங்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். பிள்ளை ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

கைப்பைக்குள் மெக்கானிக் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். போனை எடுத்தாள்.

"என்னம்மா, ஸ்டார்ட் ஆகலியா? இரு, நானே வந்து பத்து நிமிஷத்துல ஓட வச்சுத் தர்றேன்."

"வந்துராதீங்கண்ணே" என்றாள். "காலைல ஓட்டிட்டு வரும்போதே அவரு மயங்கிட்டாரு. ஸ்டீயரிங்கைப் பிடிச்சது என் பொண்ணு."