வளைக்குள் ஒரு வெள்ளித்தாள்

படிக்கட்டுக்கு அடியில், மண்ணுக்குள் ஒரு பெருச்சாளி வளை. அங்கே குடியிருந்த பெருச்சாளித் தம்பதியில் மனைவிக்கு இது தலைப்பிரசவம்.

“ஏங்க, நம்ம குட்டிங்க இந்தக் கும்மிருட்டுலயா கண்ணு முழிக்கணும்?” என்று அழுதாள்.

கணவன் வெளியே போய், யாரோ கசக்கிப் போட்ட சாக்லேட் வெள்ளித்தாளை இழுத்து வந்தான். அதை நீவி, வளை திரும்பும் மூலையில் சாய்த்து வைத்தான். வாசல் வெயில் அதில் பட்டு உள்ளே வந்தது.

“அடேயப்பா, நம்ம வீடு இவ்வளவு பெரிசா!” என்று பூரித்தவள், அவன் மட்டும் சுவரோடு ஒட்டி நிற்பதைப் பார்த்தாள்.

“வாலு எங்க?”

“பாதி இருக்கே. பூனை கவ்விடுச்சு. தாளைப் போட்டுட்டு ஓட மனசு வரல.”

அவள் தாளை மெல்லத் திருப்பி, வெளிச்சத்தை அவன் மேல் விழ வைத்தாள்.

“குட்டிங்க கண்ணு முழிச்சதும் முதல்ல உங்களைத்தான் பாக்கணும்.”

“இந்த வாலோடயா?”

“இந்த வாலோடதான்.”