நலோங்கோ காட்டிய பெட்டி

"வந்துட்டாருப்பா, சிகரெட்டை விட்ட மகராசன்."

நலோங்கோ குரல் கொடுத்ததும் வாடகை மோட்டார் சைக்கிள் நிறுத்தத்தில் சவாரிக்குக் காத்திருந்த ஓட்டுநர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கிவும்பிக்கு முகம் சுருங்கிவிட்டது.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் கம்பாலாவின் அந்தத் தெருவுக்கே அவள் நலோங்கோ. நிறுத்தத்துக்கு எதிரே அவள் பெட்டிக்கடை. சோப்பு, சீனி, கரும்புத்துண்டு, சில்லறையில் சிகரெட். பற்றவைக்கக் கயிற்றில் ஒரு லைட்டர் தொங்கும்.

கிவும்பியின் எட்டு மாத மகள் நகாயிக்கு இழுப்பு. அப்பா சட்டையில் ஒட்டிய புகையே அவளுக்கு ஆகாது. "இனிமே அந்த நாத்தத்தோட புள்ளையைத் தொட்டா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி சொன்ன அன்றைக்குத்தான் விட்டான்.

மூன்றாம் நாளே தோற்றான். மறுபடி சபதம் போட்டான். ஒன்பதாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், இருமுகிற பிள்ளையைத் தோளில் போட்டபடியே இந்தக் கடையில் நின்று ஒன்று வாங்கிப் பற்றவைத்தான். நலோங்கோவின் கண் குழந்தை மேலேயே இருந்தது.

அவன் மூன்றாம் முறை சபதம் போட்ட பிறகுதான் அவள் வாய் நீண்டது. தினமும் சிகரெட் பெட்டியைத் தூக்கி ஆட்டிக் காட்டுவாள்.

"பத்து நாள் தாங்குவியா? உன் பங்கு பத்திரமா இருக்குய்யா."

"மனசாட்சி இல்லாதவ. யாவாரம் போச்சேன்னு வயித்தெரிச்சல்" என்று வீட்டில் பொருமுவான் கிவும்பி.

இருபத்தேழாம் நாள் நல்ல மழை. நடுவழியில் வண்டி நின்று, சவாரிக்கு வந்தவர் கண்டபடி திட்டிவிட்டுப் போனார். கால் தானாகக் கடைக்கு நடந்தது. கயிறு மட்டும்தான் தொங்கியது. லைட்டரை எவனோ அடித்துக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தான்.

"எனக்குத் தெரியும், நீ வருவேன்னு. எத்தனை வேணும், ஒண்ணா ரெண்டா?"

சுருக்கென்று தைத்தது.

"கரும்பு குடு" என்றான். கடித்துத் துப்பிக்கொண்டே திரும்பிப் போனான். இவளிடம் மட்டும் தோற்கக் கூடாது.

நூறாம் நாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து வந்தான். அவன் கழுத்தில் முகம் புதைத்துத் தூங்கினாள் குழந்தை. இழுப்பும் இல்லை, இருமலும் இல்லை. அவனுக்கு ராஜாவாகிவிட்டது போலிருந்தது.

"நலோங்கோ, அந்தப் பெட்டியை அப்படியே குடு. உன் கண்ணு முன்னாடி சாக்கடையில போடப் போறேன்."

"தாராளமா."

திறந்தான். உள்ளே வறுத்த வேர்க்கடலை.

"சிகரெட் எங்க?"

"அதெல்லாம் இங்க விக்கிறதில்லயே."

நிறுத்தத்திலிருந்து சக ஓட்டுநர் முதேபி கத்தினான். "உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நலோங்கோ உத்தரவுடா. ஒரு சிகரெட்டுக்கு மூணு மாசமா மேட்டுக் கடைக்கு நடந்து சாகறோம்."

கிவும்பி திகைத்துப் போனான். "அப்புறம் ஏன் அந்தப் பேச்சுப் பேசின?"

"பொண்டாட்டி பேச்சு உன்னை ஒம்பது நாள் தாங்குச்சு. ரோஷம் நூறு நாள் இழுத்துட்டு வந்திருக்கு பாரு."

"அன்னைக்கு மழையில நான் 'ரெண்டு குடு'ன்னு சொல்லியிருந்தா?"

"கடலை தின்னுட்டுப் போயிருப்ப."

நலோங்கோ கை நீட்டி, தூங்கும் குழந்தையின் பாதத்தை மெல்ல வருடினாள். குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கு இவ உன் தோள்ல கெடந்து இருமிட்டிருக்கறப்ப, நீ ஒண்ணு வாங்கிப் பத்தவச்சியே. அதான்யா நான் வித்த கடைசி சிகரெட்டு."