வியாழக்கிழமை நோயாளி

“ஃபோன் அடிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது டாக்டர். எடுக்கறதுக்குள்ள கையெல்லாம் வேர்த்துப் போயிடுது” என்றார் நோயல்.

டாக்டர் ஸ்ரீவித்யா நிமிர்ந்து பார்த்தாள். ராணுவத்தில் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மண்ணுக்குள் விரல் விட்டுத் துழாவி வெடியை வெளியே எடுத்த கை, ஒரு ஃபோன் மணிக்கு வேர்க்கிறதாம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி ஜோசஃபின் சட்டென்று திரும்பினாள். “இத எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க?”

“உன்னையும் எதுக்குப் பேஜார் பண்ணணும், ஜோசி?”

அல்சூர் ஏரிக்கு எதிரே, ஒரு மாடியில் இருந்தது அந்தச் சின்ன கிளினிக். படையிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயங்கள்தான் ஸ்ரீவித்யாவின் ஆராய்ச்சி. அங்கே வருகிறவர்களை வாய் திறக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நோயலோ முதல் நாளே கடகடவென்று கொட்டிக்கொண்டிருந்தார்.

“தூக்கம் எப்படி சார்?”

“சுத்தமா இல்ல.”

“ஆமா டாக்டர். ராத்திரி நான் எப்பப் பாத்தாலும் புரண்டுட்டேதான் இருப்பாரு” என்றாள் ஜோசஃபின்.

“பட்டாசுச் சத்தம் கேட்டா?”

“குஷியா இருக்கும்” என்றவர், டாக்டரின் புருவம் ஏறுவதைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதெல்லாம் சர்வீஸ்ல பழகிப்போச்சு டாக்டர். இந்த ஃபோனும் காலிங் பெல்லும்தான் தொந்தரவு.”

வெடிக்கு அசையாத மனிதர் வாசல் மணிக்கு அசைகிறார்! இதுவரை பார்க்காத மாதிரி கேஸ். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு நல்ல தீனி என்று ஸ்ரீவித்யா மனசுக்குள் துள்ளினாள்.

“சர்வீஸ்லயே மறக்க முடியாத நாள்னா எது சார்?”

“நான் செத்துப்போன நாள்தான்!” நோயல் சிரித்தார். “எல்லைப் பக்கம் ஒரு வெடி வெடிச்சுது. எவனோ பேரை மாத்திப் படிச்சு, நான் போயிட்டேன்னு ஜோகுபாளையத்துல எங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணிட்டான். மறுநாள் நானே இவளைக் கூப்பிட்டு, அழாத ஜோசி, நான் சப்பாத்தி சாப்பிட்டுட்டு இருக்கேன்னு சொன்னேன்.”

ஜோசஃபின் கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். “அது பழைய கதை டாக்டர். நீங்க இவரைக் கவனிங்க.”

ஸ்ரீவித்யா மூச்சுப் பயிற்சியில் ஆரம்பித்தாள். நோயல் நெளிந்தார். “தனியா செய்ய வெக்கமா இருக்கு. ஜோசியும் கூடச் செய்யட்டுமே?”

“எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?”

“எனக்காக ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணும்மா.”

அலுத்துக்கொண்டே கண்ணை மூடினாள் ஜோசஃபின்.

அதற்கப்புறம் வியாழக்கிழமை தவறாமல் இருவரும் வந்தார்கள். ஏரிக்கரையில் நடக்கச் சொன்னால் ஜோடியாக நடந்தார்கள். ஃபோன் மணியை முதலில் மெல்லவும் பிறகு சத்தமாகவும் கேட்டுப் பழகச் சொன்னால், அதையும் ஜோடியாகவே கேட்டார்கள்.

ஒருநாள் அந்தத் தப்பான ஃபோன் வந்த ராத்திரியைப் பற்றி நோயலை விவரமாகப் பேசச் சொன்னாள் ஸ்ரீவித்யா.

“எனக்கு வார்த்தை வரல டாக்டர். ஜோசி, நீயே சொல்லேன். வீட்டுல அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

ஜோசஃபின் தயங்கித் தயங்கித்தான் தொடங்கினாள். ரிசீவர் கையிலிருந்து நழுவியது, பக்கத்து வீட்டார் ஓடி வந்தது, தான் மட்டும் அழாமல் அவருடைய சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தது. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. ஸ்ரீவித்யா டிஷ்யூ பெட்டியை நோயலிடம் நகர்த்தினாள். அவர் அதை அப்படியே மனைவியின் மடியில் வைத்தார்.

மனைவி வாயால் தன் கதையைக் கேட்டே தேறுகிறார் மனிதர் என்று ஸ்ரீவித்யாவுக்கு ஒரே வியப்பு. இதற்கென்று கட்டுரையில் தனி அத்தியாயமே எழுதலாம் போலிருந்தது.

மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. நோயலுக்கு இப்போது தூக்கம் பிரமாதம். ஃபோன் மணியும் ஒன்றும் செய்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை அவர் மட்டும் அறைக்குள் உட்கார்ந்திருந்தார். ரிசப்ஷனில் இருக்கும் ஸ்னேஹாவுக்குக் கல்கல்ஸ் பலகார டப்பாவைத் திறந்து நீட்டியபடி ஜோசஃபின் வெளியே ஏதோ சொல்ல, இருவரும் சிரித்த சிரிப்பு உள்ளே வரை கேட்டது.

“நல்ல செய்தி சுபேதார் சார்” என்றாள் ஸ்ரீவித்யா. “நீங்க நல்லாவே தேறிட்டீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து உங்களை மிலிட்டரிக்காரங்க குரூப்ல சேர்த்துடறேன். பாவம், இனிமே உங்க மிஸஸ் அலைய வேண்டாம். நீங்க மட்டும் வந்தா போதும்.”

நோயலின் முகம் சட்டென்று வாடியது. “அவ இல்லாமலா? அப்படின்னா குரூப்பே வேணாம் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போகட்டுமே.”

“எத்தனை நாளைக்கு சார் அவங்க உங்ககூடவே வந்துட்டிருப்பாங்க? அப்புறம் நீங்க எப்படித்தான் முழுசா குணமாகறது?”

நோயல் எழுந்துபோய் ஒருக்களித்திருந்த கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“சீக்கு எனக்கில்ல டாக்டர், அவளுக்கு... தனக்குன்னு கூப்பிட்டா வரமாட்டா.”