நெடி

மங்கையர்க்கரசிக்கும் அவள் ஓரகத்தி விஷ்ணுப்ரியாவுக்கும் வரிச்சிக்குடியில் அடுத்தடுத்த வீடு. இரண்டு கொல்லையிலும் கீரைப்பாத்தி, நடுவில் ஒரு கம்பிவேலி. விதை ஒன்றுதான், தண்ணீரும் ஒரே அடிபம்பிலிருந்துதான். ஆனால் விஷ்ணுப்ரியாவின் தண்டுக்கீரைதான் தளதளவென்று வந்தது. காலையில் பல் துலக்கும்போதெல்லாம் மங்கையர்க்கரசி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சனிக்கிழமை அந்தக் கீரையில் புழு விழுந்திருந்தது. இலையெல்லாம் சல்லடை. செடியைத் தொட்டால் சின்னச் சின்னப் பழுப்பு அந்துப்பூச்சிகள் எழும்பின. வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அன்று மங்கையர்க்கரசி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் விஷ்ணுப்ரியா கை நிறைய உப்பும் மிளகாயும் கொண்டுவந்தாள்.

“யாரு கண்ணு பட்டுச்சோ தெரியலக்கா. மூத்தவங்க, நீங்களே சுத்திப் போடுங்க.”

மங்கையர்க்கரசியால் மறுக்க முடியவில்லை. பாத்தியைச் சுற்றிவந்து எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகியது. யாருக்கும் தும்மல்கூட வரவில்லை.

“நெடியே இல்ல பாருங்கக்கா. அப்ப கண்ணு பட்டதுதான்.”

அந்த வாரமே கீரை மறுபடி துளிர்த்தது. “எல்லாம் உங்க கைராசிக்கா!” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள் விஷ்ணுப்ரியா.

மங்கையர்க்கரசி துளிரைப் பார்த்தாள். கண் அரித்தது. கசக்கினாள். விரலில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. கண்ணோரத்திலிருந்து சின்ன அந்துப்பூச்சி ஒன்று சிறகை உதறிக்கொண்டு கிளம்பி, வேலியைத் தாண்டிப் போய்த் துளிரில் உட்கார்ந்தது. உள்ளே இன்னொன்று அசைந்தது.

கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. மூடவில்லை.