அமதேயு கோட்டை விட்ட பரீட்சை

"ஜனாதிபதியோட கேபினெட் என்ன வேலை செய்யும்னு குடியுரிமைப் பரீட்சைல கேட்டிருக்காங்க. இவ என்ன சொன்னா தெரியுமா? 'அதுலதான் தட்டு, கோப்பையெல்லாம் அடுக்கி வைப்போம்'னாளாம்!"

பேக்கரியில் ரொட்டி வாங்க நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் அந்த பேக்கரிக்கு வராத போர்ச்சுக்கீசியரே கிடையாது.

அமதேயுவுக்கு இன்னும் குஷியாகிவிட்டது.

"அரசாங்கத்தோட பிராஞ்ச் ஒண்ணு சொல்லுங்கன்னதுக்கு, துறைமுகத்துப் பக்கம் இருக்கிற பாங்க் பிராஞ்சைச் சொல்லியிருக்கா!"

அவன் மனைவி இடலினா ரொட்டியை அணைத்துக்கொண்டு தானும் சிரித்தாள். வேறென்ன செய்வது?

"போதும்ப்பா," என்றாள் கடைக்காரி தியோலிண்டா. "அடுத்த வாரம் உனக்கும் அதே பரீட்சைதானே?"

"எனக்கா? காலனி, காங்கிரஸ், செனட்... எதை வேணா கேளு. தலைகீழா சொல்வேன்!"

சொல்லக்கூடியவன்தான். சின்ன வயதிலேயே இங்கே வந்து பள்ளிக்கூடம் போனவன். இடலினா கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு போர்ச்சுக்கீசியத் தீவிலிருந்து வந்தாள். வந்ததிலிருந்து திரைச்சீலை தைக்கும் ஆலையில் வேலை. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே காதில் விழுந்ததுதான்.

வீட்டுக்கு வந்ததும், பரீட்சைக்கான வார்த்தைகள் அச்சடித்த அட்டைகளைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் எறிந்தாள்.

"நீ மட்டும் அமெரிக்கனா ஆயிக்கோ. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"இன்னொரு தடவை கூப்பிடுவாங்களே, இடலினா. ரெண்டு பேரும் ஒரே நாள்ல கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கணும்னுதானே சேர்ந்து மனு போட்டோம்?"

"எதுக்கு? நான் மறுபடி உளறணும், நீ பேக்கரில சொல்லிச் சிரிக்கணும், அதுக்கா?"

அமதேயு ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த அட்டைகளை நிமிர்ந்து பார்த்தான். கீரை சூப் அவன் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குக் கிளம்பினான். திரும்பி வரும்போது கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான்.

"என்ன ஆச்சு?"

"போச்சு."

"என்னது, போச்சா?"

"வாய் குழறிடுச்சு. ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரலை."

இடலினா அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சாயங்காலம் பேக்கரிக்குத் தானே போய், "தலைகீழா சொல்றேன்னவர் தலைகீழா விழுந்துட்டார்!" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

வந்த கையோடு ஃப்ரிட்ஜ் மேலிருந்து அட்டைகளை எடுத்தாள்.

"உட்காரு, மேதாவி. உன்னை இப்படியே விட்டா அடுத்த தடவையும் மானம் போயிடும். அப்புறம் முதல்லேர்ந்து மனு போடணும். சொல்லு, காலனிக்காரங்க ஏன் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்தாங்க?"

"டீ நல்லா இல்லைன்னுதானோ?"

கரண்டி அவன் தோளில் விழுந்தது.

"வரி போட்டான், ஆனா அங்க இவங்க சார்பா பேச ஒரு ஆள் கிடையாது. என் ஆலைல கேக்காம கொள்ளாம சம்பளத்துல பிடிச்சா எனக்குக் கோபம் வராதா? அதுதான். பிரதிநிதித்துவம். எங்க, சொல்லு."

"பிரதி... நிதி... நீ இன்னொரு தடவை சொல்லேன்."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவன் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அதிகாரத்தை ஏன் மூணாப் பிரிச்சாங்க?" என்பான் அவன், ஒன்றும் புரியாதவன் மாதிரி.

"இந்த வீட்டையே பாரு. சட்டம் போடறது நான். நடத்தறது நீ. தீர்ப்பு சொல்றது உங்கம்மா. எல்லாத்தையும் உங்கம்மா கையிலேயே குடுத்தா இந்த வீடு என்ன ஆகும்?"

"ஐயோ!"

"அதுக்குத்தான்."

திருத்தச் சட்டம் என்பது பழைய திரைச்சீலையைத் தூக்கிப் போடாமல் ஒட்டுப் போட்டுத் தைப்பது மாதிரி என்றாள். ஜனாதிபதிக்கு யோசனை சொல்கிற மந்திரிகள்தான் கேபினெட் என்று சமையலறை அலமாரியைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தாள். அவன் மறந்துபோனதாகச் சொல்வான். அவள் திட்டிவிட்டுத் திரும்பச் சொல்வாள். ஆலைக்குப் போகும் பஸ்ஸில்கூட, இந்த மண்டையில் இதை எப்படி ஏற்றுவது என்ற யோசனைதான் அவளுக்கு.

இரண்டு பேரையும் ஒரே நாளில் மறுபடி கூப்பிட்டார்கள்.

முதலில் அமதேயு உள்ளே போனான். இடலினா வெளியே உட்கார்ந்து, செனட்டை மட்டும் மறந்துவிடாதே என்று மனசுக்குள் அவனுக்காக வேண்டிக்கொண்டாள். தன்னைப் பற்றிய பயம் அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

அவன் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு வந்தான். "உன் புண்ணியம், இடலினா!"

"நான் சொல்லிக்கொடுத்தது வீணாகலை," என்று நிமிர்ந்த தலையோடு அவள் உள்ளே போனாள்.

பெண் அதிகாரி ஒருவர் கேள்விகளைக் கேட்டார். இடலினா பட்பட்டென்று பதில் சொன்னாள். கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னாள். கடைசியில் அந்த அம்மாளே சிரித்துவிட்டார்.

"பாஸாயிட்டீங்க. வாழ்த்துகள், மிஸஸ் ஃபுர்தாதோ."

"என் புருஷனையும் நான்தான் தேத்தினேன், மேடம். பாவம், போன தடவை பயத்துல எல்லாத்தையும் மறந்துட்டார்."

அதிகாரி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"பயமா? அவருக்கா? போன தடவை சிரிச்சுக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தார். முதல் ஜனாதிபதி யாருன்னு கேட்டேன், 'இடலினா'ன்னார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதினது யாருன்னேன், அதுக்கும் 'இடலினா'தான். கேட்டது எல்லாத்துக்கும் அதே பதில். இன்னைக்குத்தாங்க அவர் வேற பேர் எதையாவது சொன்னார்!"