அமலோற்பவத்தின் தவம்

திருநீற்றுப் புதன் காலைப் பூசை முடிந்ததும் அமலோற்பவம் பங்குச்சாமியாரிடம் போனாள். தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கப்போவதாகச் சொன்னாள். நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு; அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவள் மகன் வயதுள்ள சாமியார், எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசி முடித்த விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“உங்களுக்குப் பசிக்குதாம்மா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். கணவர் அந்திரியாஸை அடக்கம் செய்து நான்கு மாதம் ஆகிறது.

“இல்ல சாமி. அவரு போனதுலேர்ந்து பசியே எடுக்கல.”

“பசியே இல்லாதவங்க பட்டினி கெடந்தா அதுல என்னம்மா தவம்? நீங்க மூணு வேளையும் உக்காந்து சாப்பிடுங்க. அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்க.”

தெருவே அடுப்பு மூட்டாமல் கிடந்த அந்தக் காலையில் அவள் வீட்டில் மட்டும் கடுகு வெடித்தது. பக்கத்து வீட்டு ரோஸ்லின் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“என்னக்கா, இன்னிக்குப் போயி தாளிக்கிறீங்க?”

“தவக்காலமாச்சே” என்றாள் அமலோற்பவம்.

நெற்றிச் சாம்பலோடு தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். மென்றாள், விழுங்கினாள், அடுத்த வாய்க்குப் பிசைந்தாள். யாரோ ஒருத்தி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பாதிச் சோறு இறங்கிய பிறகு கை நின்றது.

குழம்பில் உப்பில்லை.

இத்தனை நாள் போட்டாளா என்பதும் நினைவில்லை. எழுந்துபோய் உப்பு ஜாடியைத் திறந்தாள். உப்பு கல்லாய் இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் அதைக் குத்திப் பெயர்க்கத் தொடங்கினாள்.